லான்காஸ்டர் சோளக்காட்டில் பெண் பார்க்க வந்தார்கள்

விளைந்து நிற்கும் சோளக்காட்டுக்குள் நின்று காற்றைக் கேட்டிருக்கிறீர்களா? பலமாக அடிக்க வேண்டியதில்லை. லேசாக வந்தாலே போதும். பக்கத்து அறையில் யாரோ பட்டுப்புடவையை மடித்து வைப்பதைப் போல ஒரு சத்தம் வரும். நின்றுவிடும். மறுபடி வரும்.

அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் தனியாக நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் என்னைவிட உயரமான பச்சைச் சுவர். மேலே ஒரு கீற்று வானம். ஆகஸ்ட் கடைசி வெயிலில் மண் சூடேறி, புழுக்கமும் இலைவாசமும் கலந்து முகத்தில் அடித்தது. முழுக்கை சுடிதாருக்குள் வியர்வை ஓடி முழங்கையில் அரித்தது.

வழி தவறிவிட்டது என்று தெரிந்தும் பயம் வரவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், அப்படி ஒரு நிம்மதி. அங்கே யாராலும் என்னைப் பார்க்க முடியாது. அன்றைக்கு என்னைப் பார்ப்பதற்கென்றே ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள்.

விருந்தாளி வந்தால் ஆமிஷ்

தொண்ணூறுகளின் பின்பாதி அது. இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று உலகம் பயந்துகொண்டிருந்தது. அந்தப் பயத்தின் புண்ணியத்தில் கோபிச்செட்டிபாளையத்துப் பெண்ணான எனக்கும் அமெரிக்க விசா கிடைத்தது. நியூஜெர்ஸி எடிசனில் அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எடிசன் தமிழர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து யாராவது வந்தால் முதல் வாரம் சுதந்திர தேவி சிலை. அடுத்த வாரம், இட்லிப் பொட்டலத்தோடு நயாகரா. அதற்கடுத்த வாரம் பென்சில்வேனியா போய் லான்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்களைக் காட்ட வேண்டும். கரண்ட் வேண்டாம், கார் வேண்டாம் என்று குதிரை வண்டியிலும் ஏர் உழவிலும் வாழ்கிற கூட்டம் அது. எங்கள் வீட்டுக் குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வந்த பெரியவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

கீழ்வீட்டு அங்கிளின் அப்பா ஒருமுறை போய்விட்டு வந்து, "சாணி வாசம் புடிக்கறதுக்கு எதுக்குடா இத்தன தூரம் டிரைவ் பண்ற? நம்ம தோட்டத்துல ஃப்ரீதான?" என்று கேட்டார்.

நான் சொல்கிற அந்த வருஷம் லான்காஸ்டரில் புதிது புதிதாக என்னென்னவோ முளைத்திருந்தன. அதற்கு முன்பு குதிரை வண்டிச் சவாரியும் ஆப்பிள் பை விற்கிற கடைகளும்தான். இப்போது ஒரு பழைய தானியக் கொட்டகையைத் தியேட்டராக்கி ஆமிஷ் குடும்பக் கதையைப் புகையும் வெளிச்சமுமாகக் காட்டினார்கள். யாருமே குடியில்லாத ஒரு வீட்டை ஆமிஷ் வீடு போல ஜோடித்துச் சுற்றிக் காட்டினார்கள். ஆமிஷ்காரர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை. யாரைக் காட்டி இத்தனையும் நடந்ததோ, அவர்கள் தலையைக்கூடத் திருப்பாமல் வண்டியில் போய்க்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றிலும் புதிது 'கார்ன் மேஸ்' என்கிற சோளப் புதிர். வெள்ளைக்கார விவசாயி ஒருவர் தன் வயலில் நின்ற பயிருக்குள் குறுக்கும் நெடுக்குமாக வழி வெட்டி விட்டிருந்தார். ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வர வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் கிடந்த விளம்பரத் தாளை எடுத்து வந்தவர் என் அண்ணி.

"வீட்டுக்கு வரச் சொன்னா சோபால வரிசையா உக்காந்து மூஞ்சியப் பாத்துட்டிருக்கணும். இங்கன்னா ரெண்டு பேரும் நடந்துட்டே பேசிக்குவாங்க. அவங்கம்மாவுக்கு ஆமிஷ் காட்டின மாதிரியும் ஆச்சு" என்றார் அண்ணி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மாப்பிள்ளை பெயர் பழனிவேல். வீட்டில் வேலு. கலிஃபோர்னியா குபெர்டினோவில் வேலை. ஆபீஸ் வேலையாகச் சில வாரம் ஃபிலடெல்ஃபியா வந்தவர், உடுமலையிலிருந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டி வந்திருந்தார். அம்மாவின் விசா முடிவதற்குள் ஒரு பெண்ணை முடிவு செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் அவசரம்.

எங்கள் அவசரம் வேறு.

முழுக்கை

என் இடது கையில், முழங்கைக்குக் கீழே ஆரம்பித்து மணிக்கட்டு வரைக்கும் தோல் வெளுத்திருக்கும். காலேஜில் படிக்கும்போது மிளகு அளவில் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பரவி, ஓர் இடத்தில் நின்றுவிட்டது. ஒட்டாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். ஊரில் அதற்கு வைத்திருக்கும் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இரண்டு வரன்கள் எழுந்து போயின.

ஜாதகத்தோடு போன என் போட்டோவில் இடது கையே கிடையாது. ஸ்டூடியோக்காரர் என்னைப் பக்கவாட்டில் திருப்பி, கையைப் பின்னால் மடிக்கச் சொன்னார். ராணுவத்தில் நிற்கிற மாதிரி நிற்பேன். குபெர்டினோ வரைக்கும் போனது அந்தப் போட்டோதான்.

அப்பா போன பிறகு எங்களுக்கு எல்லாமே அண்ணன். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகாமல் போய்விடுமோ என்று உண்மையாகவே தூக்கம் கெட்டவர். "ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? கல்யாணத்துக்கப்பறம் வந்துச்சுன்னு சொல்லிக்கலாம் கோகி" என்றார். அண்ணி எனக்கு ஒரு முழுக்கை சுடிதார் வாங்கி வந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். எத்தனை வருஷத்துக்கு? குளிக்கும்போது, தூங்கும்போது, பிள்ளை பெறும்போது? எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அண்ணன் முகத்தைப் பார்த்தால் கோபம் வாயை விட்டு வெளியே வராது. சொன்னால் இந்த வரனும் போகும், அண்ணன் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஒளிய வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டுதான் அன்று காரில் உட்கார்ந்திருந்தேன்.

வழியில் ஒரு ஆமிஷ் கடையில் ஜாம் வாங்க நிறுத்தினோம். வெள்ளைக் குல்லாய் போட்ட சின்னப் பெண் ஒருத்தி பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி கேமராவைத் தூக்கியதும் கோபமோ பதற்றமோ இல்லாமல் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். படம் பிடிப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லையாம். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. போட்டோ பார்க்காமல் எப்படித்தான் கல்யாணம் முடிவு செய்கிறார்களோ!

வெள்ளை ஷூ

கார் நிறுத்துமிடத்தில் அவர்கள் காத்திருந்தார்கள். எட்டு மாடி ஆபீஸில் அதிகாரிகளிடம் சண்டை போடுகிற நான், அந்த நிமிஷம் எங்கிருந்தோ ஒரு வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன். அதனால் மாப்பிள்ளையிடம் நான் முதலில் பார்த்தது அவர் காலைத்தான். வெள்ளை ஷூ, ஓரத்தில் நீலக்கோடு.

"அம்மா பின்னாடி சீட்ல இருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்று ஒரு குரல் கேட்டது. நல்ல குரல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் இருந்த பெண் எங்களுக்கு ஒரு வரைபடமும், நீளக் கழியில் கட்டிய கொடியும் கொடுத்தாள். வழி தெரியாவிட்டால் கொடியைத் தூக்கி ஆட்ட வேண்டும், மர மேடையில் நிற்பவர்கள் பார்த்து வந்து உதவுவார்கள். இரண்டையும் அண்ணன் வாங்கிக்கொண்டார். அவர் அப்போது ப்ராஜெக்ட் லீட்.

"லெஃப்ட்லயே திரும்பிட்டிருந்தாப் போதும், எந்த மேஸா இருந்தாலும் வெளிய வந்துரலாம். சிம்பிள் லாஜிக்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். எங்கள் கூட்டத்தில் முதலில் காணாமல் போனவர் அவர்தான். சோளத்துக்கு மேலே அவர் கொடி மட்டும் கிழக்கும் மேற்குமாக அலைந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் ஒரு பிரிவில் திரும்பினார்கள். நானும் அண்ணியும் அவர் மகள் ப்ரீத்தியும் இன்னொன்றில். ப்ரீத்திக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். "அத்தை, திஸ் வே!" என்று ஒரே ஓட்டம். "அடியே நில்லுடி!" என்று அண்ணி பின்னாலேயே ஓடினார். சிரிப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அப்படித்தான் நான் தனியானேன்.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெயில் இலைகளுக்கு நடுவே விழுந்து மண்ணில் அசைந்தது. தூரத்தில் சாலையில் ஒரு குதிரை வண்டி போனது, குளம்புச் சத்தம் வெகுநேரம் வந்துகொண்டே இருந்தது. அப்படியே அந்தப் பச்சைக்குள் கரைந்துபோனால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ சரசரத்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். குனிந்து பார்த்தேன். மேலே இலை அடர்த்தி, ஒன்றும் தெரியவில்லை. சோளத்தட்டுகளின் அடித்தண்டுகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி. அதில் வெள்ளை ஷூ, ஓரத்தில் நீலக்கோடு.

இப்போது விட்டால் இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி எப்போதும் வராது என்று தோன்றியது.

"ஏங்க, நீங்க அங்க நிக்கறீங்கன்னு தெரியுது" என்றேன். "தயவுசெஞ்சு பதில் எதுவும் பேசாதீங்க. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் இந்தப் பக்கம் வந்துராதீங்க. மூஞ்சியப் பாத்தா எனக்குச் சொல்ல வராது."

ஷூ நகரவில்லை.

சொன்னேன். மிளகு அளவிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். இரண்டு வரன்கள் எழுந்து போனதைச் சொன்னேன். போட்டோவில் ஏன் கை இல்லை என்று சொன்னேன். "எங்கண்ணன் மேல கோவப்படாதீங்க, பாசத்துல பண்ணிட்டாரு. ஆனா என்னால முடியாதுங்க. வேண்டாம்னா இப்பவே வேண்டாம்னு போயிருங்க. பின்னால தெரிஞ்சு ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்த வந்தா, நான் தாங்கமாட்டேன்." கடைசியில் அழுதுவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

காற்று வந்து போனது. அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"வலிக்குமா அம்முணி?"

பெண் குரல்.

அந்தச் சோளத்துக்குள் ஒரு குழி தோண்டி இறங்கிவிடலாம் போல இருந்தது.

"நான் வேலு அம்மா, கண்ணு. அவன் முன்னாலயே போயிட்டான். கதுரு மணி புடிச்சிருச்சான்னு பாக்கலாமின்னு நான் நின்னேன். நீ பேசாதீங்கன்னு சொன்னியா, அதான் பேசாம நின்னுட்டேன்."

நடக்கும்போது கால் வலிக்கக் கூடாது என்று வேலு தன் அம்மாவுக்கும் தன்னுடையதைப் போலவே ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். நம்மூர் அம்மாக்கள் அமெரிக்கா வந்ததும் பட்டுப்புடவைக்குக் கீழே ஷூ போட்டுக்கொண்டு நடப்பதை எத்தனையோ தடவை பார்த்துச் சிரித்தவள் நான். அந்த அம்மா காட்டுக்குள் நடக்கிற பழக்கத்தில் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார். எனக்குத் தெரிந்தது ஷூ மட்டும்தான்.

சோறு உண்டு முடிக்கும் வரை

கொஞ்சம் தள்ளி இரண்டு வழிகளும் சேர்ந்தன. அந்த அம்மா கையில் ஒரு சோளக்கதிர், தோகை உரித்தபடி. முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை.

"புள்ளைங்களுக்கு வருமா?" என்று நேராகக் கேட்டார்.

"வரலாம், வராமயும் போலாம். டாக்டரே நிச்சயமாச் சொல்லலைங்க."

"ம்." கதிரைத் திருப்பிப் பார்த்தார். "இது மாட்டுக்குப் போடற சோளம். எத்தன தட்ட வெட்டி வீணாக்கி வழி போட்டு வெச்சிருக்கறான் பாரு. எங்கூட்டுக்காரரு பாத்தா அடிக்கப் போயிருவாரு."

அவர் மெல்லத் தொடர்ந்தார்.

"நான் கேட்டத வேலுகிட்ட சொல்லமாட்டன். அது நீ சொல்லோணும். சோறு உண்டு முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டன். அதுக்குள்ள நீ சொல்லாட்டி, நான் சொல்லித்தான் ஆகோணும் அம்முணி. நான் பெத்தவ."

அதில் மிரட்டல் இல்லை. எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. பயமும்தான்.

வெளியே மரத்தடியில் மேஜை போட்டிருந்தார்கள். அண்ணி எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்து வைத்தார். பஜ்ஜி கேசரிகூட ஐஸ் பெட்டிக்குள் வந்திருந்தது. கொடியோடு அண்ணனும் ஒருவழியாக வந்து சேர்ந்தார். வேலு எதிரில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். அமைதியான முகம். கண்ணாடியில் சோளத் தூசி.

அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "எங்க கோகி இருக்கற எடம் தெரியாதுங்க. கிரீன் கார்டுக்கும் அப்ளை பண்ணியாச்சு. பொண்ணுக்கு ஒரு கொறையும் இல்லீங்க."

அந்த அம்மா தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். தட்டில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றினேன். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. முழங்கை வரைக்கும் ஏற்றி, இடது கையை மேஜை மேல் வைத்தேன்.

அண்ணியின் கரண்டி பாத்திரத்தில் விழுந்தது.

"அது வந்துங்க, இப்பத்தான் வெயில்ல..." என்று அண்ணன் தடுமாறினார்.

"தெரியுமுங்க" என்றார் அந்த அம்மா. "அந்தப் புள்ள எங்கிட்ட உள்ளயே சொல்லிருச்சு." பிறகு மகனைப் பார்த்து, "இனி நீயாச்சு" என்றார்.

அண்ணன் தலை கவிழ்ந்தது. அந்தத் தலையைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

வேலு என் கையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி பார்க்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர் நேராகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சாலையில் மறுபடி ஒரு வண்டி போனது. ப்ரீத்தி கேசரி தின்றுகொண்டிருந்தாள். சோளத்துக்கு மேல் வெளிச்சம் மஞ்சளாகச் சாய ஆரம்பித்திருந்தது.

"இப்பவே சரின்னு சொன்னா அது பொய்யாயிரும்" என்றார் கடைசியில். "நான் யோசிக்கணும். ஆனா இவங்க எல்லாத்தையும் அம்மாகிட்டயே சொல்லிருக்காங்க, எங்கிட்ட ஒரு வார்த்தகூடப் பேசல." என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ உள்ள போலாமா? நடந்துட்டே யோசிக்கறேன்."

எழுந்தேன். "கோகி, கைய எறக்கி விட்டுட்டுப் போ" என்றார் அண்ணி, பழக்கத்தில்.

"இருக்கட்டும் அண்ணி."

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு அந்தக் கையில் வெயில் பட்டது. வெளுத்த தோல் என்பதால் சுள்ளென்று சுட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முதல் பிரிவு வந்ததும் வேலு நின்றார். அவர் கையில் வரைபடம் இல்லை, கொடியும் இல்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

நான் இடது கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தக் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் அது காட்டிய பக்கம் திரும்பி நடந்தார்.

அது முட்டுச்சந்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அதைச் சொல்லிக் காட்டாமல் அவர் ஒரு பயணம்கூடக் கிளம்பியதில்லை.